பத்து முறை எழுதினால் பிழை போகுமா?

(தொலைக்காட்சிக் கருத்துமேடை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பவள் நான். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அறிஞர்கள் பதில் சொல்வார்கள். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். தலைப்பு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டலும் கையெழுத்தும். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவள் அல்ல. படித்தது தொடர்பியல் துறையில் ஒரு டிப்ளோமா. அப்படியிருக்க, இந்தத் தலைப்பில் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு நான் தாய். அவளுக்குச் செய்த தவறு ஒன்று எனக்கு உண்டு. அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

குரங்கு தூக்கிச் சென்ற வாழைக்குலை

என் தந்தை பேராக்கில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வாழை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறையில் நாங்கள் போயிருந்தபோது, பழுக்க வைத்திருந்த வாழைக்குலையை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியது. தாத்தா ஒற்றைச் செருப்போடு துரத்திக்கொண்டு போய், வழுக்கிக் கால்வாயில் விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையை என் மகள் ஒரு மாதத்துக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். குரங்கு மாதிரி நடந்து காட்டுவாள், தாத்தா மாதிரி கத்திக் காட்டுவாள். கேட்பவர்களுக்கு வயிறு வலிக்கும்.

பிறகு ஒருநாள் பள்ளியில் 'என் தாத்தா' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய நோட்டைப் பார்த்தேன். 'இவர் என் தாத்தா. என் தாத்தா நல்லவர். அவர் தினமும் காப்பி குடிப்பார். எனக்குத் தாத்தாவை மிகவும் பிடிக்கும்.' ஒரு பிழைகூட இல்லை. கீழே மூன்று நட்சத்திரம். எனக்கும் பெருமைதான். ஆனால் ஏதோ உறுத்தியது. "ஏம்மா, அந்தக் குரங்கு கதையை எழுதலையா?" என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "வாழைக்கு எந்த ல-ன்னு தெரியலம்மா. வழுக்கிக்கும் தெரியல. தப்பா எழுதுனா நீங்க பத்துத் தடவ எழுதச் சொல்வீங்கல்ல?"

நேயர்களே, அந்தப் பத்துத் தடவை என்பது பள்ளியின் சட்டம் அல்ல. என் சட்டம். வீட்டில் சொல்வதெழுதுதல் வைப்பேன், பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வேன். என் அம்மா எனக்குச் செய்தது அது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிழையை ஒழிக்கப் போய், குரங்கையும் வாழைக்குலையையும் தாத்தா கால்வாயில் விழுந்ததையும் ஒழித்திருக்கிறேன். எந்தச் சொல்லில் ஆபத்து இல்லையோ அந்தச் சொல்லை மட்டும் எழுதுவது என்று எட்டு வயதுப் பிள்ளை முடிவு செய்துவிட்டாள்.

அவளைச் சொல்லி என்ன? ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். விழா முடிந்ததும் வருகையாளர் புத்தகத்தை நீட்டி, இரண்டு வரி எழுதச் சொன்னார்கள். 'மாணவர்களின் முயற்சியும் வளர்ச்சியும் மகிழ்ச்சி தருகின்றன' என்று எழுத நினைத்தேன். பேனாவை எடுத்ததும் ஐயம் வந்துவிட்டது. முயற்சிக்கு 'ச்' வருமா, வராதா? வளர்ச்சிக்கு? சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆசிரியர்கள். கடைசியில் 'நன்றி. வணக்கம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொலைக்காட்சியில் சரளமாகத் தமிழ் பேசுகிறவள்தான். எதிரே ஓடும் திரையைப் பார்த்துப் படிக்கும்போது என் எழுத்துப்பிழை யாருக்குத் தெரியப் போகிறது? என் மகள் செய்ததைத்தான் நானும் செய்தேன். எட்டு வயதில் பிடித்த அந்தப் பயம் முப்பது வயதைத் தாண்டியும் விடவில்லை.

2021ஆம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. இனித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வுப் பயம் இல்லை என்று பேசிக்கொண்டோம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாம் நடத்தும் தேர்வை யார் அகற்றுவது?

மூன்று மொழி, மூன்று கணக்கு

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஏழு வயதில் சுமப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம். மூன்று மொழிக்கும் எழுத்துக்கூட்டல் முறை வெவ்வேறு.

மலாய் மொழியில் எழுதியபடி படிக்கலாம், கேட்டபடி பெரும்பாலும் எழுதலாம். 1972ஆம் ஆண்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துக்கூட்டல் முறைக்கு வந்தன. அதற்கு முன் இங்கே கோப்பையைக் குறிக்கும் 'சாவான்' என்ற மலாய்ச் சொல்லின் முதல் ஒலிக்கு 'சி', 'எச்' என்று இரண்டு ரோமன் எழுத்துகளைப் போட்டார்கள். பிறகு 'சி' மட்டும் போதும் என்று ஆனது. ஆங்கிலத்தில் அதே 'சி' பூனைக்கு 'க' ஆகிறது, நகரத்துக்கு 'ஸ' ஆகிறது. காலையில் மலாய்ப் பாடத்தில் ஓர் ஒலி, அடுத்த பாடத்தில் அதே எழுத்துக்கு வேறு இரண்டு ஒலி.

தமிழில் கணக்கு வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் எழுத்தைக் கற்ற பிள்ளை எந்தச் சொல்லையும் படித்துவிடும். படிப்பது எளிது, எழுதும்போதுதான் சிக்கல். ஏனென்றால் எழுத்தில் வேறாக இருப்பவை நம் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்கிறோம். ர, ற இரண்டும் ஒன்று. ந, ன இரண்டும் ஒன்று. 'வாளப்பளம்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'வாளைப்பளம்' என்று எழுதினால், அது கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது. பிழை அதன் கையில் இல்லை, நம் வாயில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் 'நேத்து காத்து அடிச்சுது' என்கிறோம். நோட்டில் 'நேற்று காற்று அடித்தது' என்று வர வேண்டும். இதை எழுத்துப்பிழை என்று சிவப்பு மையால் வட்டமிடுவதைவிட, 'பேசும்போது அப்படி, எழுதும்போது இப்படி' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவது நல்லது. பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகவே போய்விடும். பேச்சைத் தாழ்த்தவும் வேண்டியதில்லை.

காதும் நாக்கும் முதலில்

நான் அறிவிப்பாளராகச் சேர்ந்த புதிதில் 'வாழ்த்துகள்' என்பதை 'வால்த்துகள்' என்பேன். ஒரு மூத்த ஒலிபரப்பாளர் என்னைத் தனியே அழைத்து, மூன்று எழுத்துக்கும் நாக்கு எங்கே நிற்கிறது என்று காட்டினார். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் ஈறைத் தொடும். ள சொல்லும்போது நாக்கு பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது அதே மாதிரி வளையும், ஆனால் தொடாது. தொட்டால் ள, தொடாவிட்டால் ழ. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் பிடிபடாதது எனக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது.

இதைப் பிள்ளைகளுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லித்தரலாம். கண்ணாடி முன் நிற்க வைத்து 'அலை, அழை' என்று சொல்லச் சொல்லுங்கள். 'வால், வாள்', 'பல்லி, பள்ளி', 'கலை, களை', 'அரை, அறை', 'கரி, கறி', 'மனம், மணம்' என்று இணை இணையாகச் சொல்லி, எதைச் சொன்னோம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காரில் பள்ளிக்குப் போகும் வழியில் இதைச் செய்யலாம். பென்சிலும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். காதுக்கு வேறுபாடு தெரிந்த பிறகு எழுதச் சொன்னால், கை பாதி வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

பாடத்திட்டத்திலும் கேட்டல், பேச்சு என்பதுதான் முதலில் நிற்கிறது. வாசிப்பும் எழுத்தும் அதற்குப் பிறகு வருகின்றன. வீட்டில் நாம்தான் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எடுத்த எடுப்பில் பென்சிலைக் கையில் கொடுக்கிறோம்.

பெயரிலேயே விதி இருக்கிறது

ந, ண, ன மூன்றையும் 'சின்ன ந, மூணு சுழி ண, ரெண்டு சுழி ன' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவற்றுக்குப் பழைய பெயர்கள் உண்டு. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். எனக்கு இந்தப் பெயர்களை நினைவூட்டியவர் என் தோழி, தமிழாசிரியை. "பெயரோட முதல் எழுத்தைப் பாரு" என்றார். தந்நகரம் தகரத்துக்கு முன் வரும்: பந்து, தந்தை, சந்தை. டண்ணகரம் டகரத்துக்கு முன் வரும்: வண்டி, நண்டு, கண்டேன். றன்னகரம் றகரத்துக்கு முன் வரும்: கன்று, நன்றி, தென்றல். எழுத்தின் பெயரிலேயே அதன் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்! இது தெரிந்த பிள்ளை 'வன்டி' என்றோ 'நண்றி' என்றோ எழுதாது. பத்து முறை எழுத வேண்டியதும் இல்லை.

இப்படி இன்னும் சில விதிகள் இருக்கின்றன. இலக்கணம் என்று பெயர் சொல்லாமலேயே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஒன்று, ள, ழ, ற, ண, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. வெளியிலிருந்து வந்த லாரி, லட்டு, ரொட்டி போன்ற சொற்களில்கூட ல, ர மட்டுமே முதலில் நிற்கும். ஆகவே குழப்பம் சொல்லின் நடுவிலும் இறுதியிலும்தான்.

இரண்டு, சொல்லின் இறுதியில் 'ற்' வராது. அவர், ஊர், பெயர் எல்லாவற்றிலும் 'ர்' தான்.

மூன்று, 'ர்', 'ழ்' இரண்டும் இரட்டிக்காது. காற்று, வெற்றி, பள்ளி, வெள்ளி என்று இரட்டிக்கும் ஒலி கேட்டால் அங்கே ர-வும் ழ-வும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நான்கு, என்னைத் தலைகுனிய வைத்த 'முயற்சி'. 'ற்', 'ட்' இரண்டுக்கும் பின்னால் புள்ளி வைத்த வேறு எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி. 'ர்', 'ழ்' இரண்டுக்கும் பின்னால் வரலாம். வளர்ச்சி, உணர்ச்சி, மகிழ்ச்சி, நிகழ்ச்சி. இவ்வளவுதான் விஷயம். இதை யாராவது அன்றே சொல்லியிருந்தால் அந்த வருகையாளர் புத்தகத்தில் இரண்டு வரி கூடுதலாக இருந்திருக்கும்.

இந்த விதிகளை ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். மாதத்துக்கு ஒன்று போதும். பிள்ளை தானாக ஓர் எடுத்துக்காட்டைக் கண்டுபிடித்து ஓடி வரும்வரை அடுத்த விதிக்குப் போக வேண்டாம்.

விரலுக்கும் பள்ளிக்கூடம் உண்டு

இனிக் கையெழுத்துக்கு வருவோம். 'என் பையன் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கு' என்று சொல்லாத பெற்றோர் உண்டா? ஐந்து ஆறு வயதில் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுமையாக உருவாகி முடிந்திருக்கவில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து மூன்று பக்கம் எழுதச் சொல்கிறோம். விரல் வலிக்கிறது, பிடி மாறுகிறது, எழுத்து கோணுகிறது. நாம் கத்துகிறோம்.

விஜயதசமியன்று குழந்தையை மடியில் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அதன் அருமை நமக்குத் தெரியவில்லை. தட்டில் பரப்பிய அரிசியில் பிழையே கிடையாது. தட்டை ஆட்டினால் எழுத்து போய்விடும், மறுபடி எழுதலாம். ரப்பர் வேண்டாம், கிழிந்த தாள் இல்லை, திட்டு இல்லை. அந்த அரிசித் தட்டை ஒருநாள் சடங்கோடு எடுத்து வைத்துவிடாமல் பாலர் பள்ளிக் காலம் முழுவதும் வைத்திருந்தால் என்ன?

சப்பாத்தி மாவு பிசைவது, களிமண் உருட்டுவது, துணி கவ்வியை அழுத்தித் துணி மாட்டுவது எல்லாம் விரலுக்குப் பயிற்சிதான். கோலமும் அப்படியே. புள்ளியைச் சுற்றிச் சுழித்து, வளைத்து, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவரும் கைக்கு ண-வும் ள-வும் ஒரு பொருட்டல்ல.

எழுத்துகளைக் கற்பிக்கும்போது அகர வரிசையை மனப்பாடமாகச் சொல்லட்டும். எழுதுவதற்குக் கையின் வரிசை வேறு. நேர்க்கோட்டில் வரும் ட, ப, ம, ய முதலில் வரட்டும். சுழியும் வளைவும் உள்ள வ, ல, ன, ண, ள பிறகு. ங, ஞ இரண்டும் கடைசியில் வந்தால் குடி முழுகிப்போகாது.

தமிழில் இன்னொரு நுட்பம். 'கே' என்று சொல்லும்போது காது 'க்' என்ற ஒலியை முதலில் கேட்கிறது. ஆனால் கை இரட்டைக்கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் க-வுக்கு வர வேண்டும். 'கொ' என்றால் முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் கால். ஒரே ஒலிக்கு மூன்று துண்டு. அதில் ஒரு துண்டைப் பிள்ளை விட்டுவிட்டால் அது கவனக்குறைவு அல்ல. காதுக்கும் கைக்கும் இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை என்று பொருள். துண்டு துண்டாக அட்டையில் வெட்டிக் கொடுத்து அடுக்கச் சொன்னால் சீக்கிரம் பிடிபடும். அதேபோல் கு, து, பு, மு, ரு எல்லாம் உகர வரிசைதான் என்றாலும் ஒவ்வொன்றின் வால் ஒவ்வொரு மாதிரி. அந்த வரிசைக்குக் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும்.

மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும், கால் தரையில் ஊன்றட்டும். காற்றில் ஆடும் காலோடு நேராக எழுத யாராலும் முடியாது. இடது கைப் பிள்ளையாக இருந்தால் தயவுசெய்து கையை மாற்றாதீர்கள். இடமிருந்து வலமாக எழுதும்போது எழுதியதை அதன் கையே மறைத்துவிடும். நோட்டின் மேல் விளிம்பை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் போதும்.

2020ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் பள்ளிக்குப் போனார்கள். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பென்சில் பிடிக்கப் பழகும் நேரத்தில் கைப்பேசித் திரை ஆசிரியராகிவிட்டது. திரையில் ஆசிரியர் எழுதியதைப் பார்க்க முடிந்தது. ஆனால் பிள்ளையின் விரலைப் பிடித்துத் திருத்த அங்கே ஆசிரியரின் கை இல்லை. கையெழுத்து ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய கலை என்பதை அந்தக் காலம் நமக்குக் காட்டிக் கொடுத்தது.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும், எவ்வளவு நாள் ஆகியும் எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால், வாசிப்பதிலும் பெருஞ்சிரமம் இருந்தால், அது சோம்பல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிக்கலாக இருக்கலாம். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். அடித்தால் தீரும் குறை அல்ல அது.

ஐந்து சொல் போதும்

சரி, அந்தப் பத்து முறைக்கு வருவோம். நாம் எல்லாரும் சிறுவயதில் எழுதியவர்கள்தான். எப்படி எழுதினோம்? முதலில் 'மு, மு, மு' என்று மேலிருந்து கீழாகப் பத்து. பிறகு 'ய' பத்து. பிறகு 'ற்' பத்து. கடைசியில் 'சி' பத்து. 'முயற்சி' என்ற சொல்லை ஒருமுறையாவது எழுதினோமா? பத்து மு எழுதினோம், பத்து ய எழுதினோம். பிழையாகத் தொடங்கியிருந்தால் பத்து முறை பிழையாகவே எழுதி முடித்தோம். கைதான் வலித்தது, மூளைக்கு ஒன்றும் ஏறவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். சொல்வதெழுதுதலுக்கு இருபது சொல் இல்லை, ஐந்துதான். ஐந்தும் ஒரே குடும்பம். மழை, குழந்தை, வாழை, கிழமை, பழம் என்று ழ குடும்பம். அடுத்த வாரம் ள குடும்பம். ஒவ்வொரு சொல்லையும் முதலில் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மூடிவிட்டு எழுத வேண்டும், திறந்து தானே சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் அவளே திருத்துவாள். சிவப்புப் பேனா என் கையில் இல்லை. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்.

கதையோ கடிதமோ எழுதும்போது சட்டம் வேறு. அப்போது எழுத்துப்பிழையைப் பற்றிப் பேசக்கூடாது. தெரியாத சொல்லைக் காதில் கேட்டபடி எழுதிவிட்டு, அடியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளலாம். 'இது எனக்குச் சந்தேகம்' என்று பொருள். சந்தேகம் வருவதே பாதிப் படிப்பு. எழுதி முடித்த பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தக் கோடு போட்ட சொற்களை மட்டும் பார்ப்போம். மற்றவை இன்னொரு நாளைக்கு.

'அப்படியானால் பிழையை அனுமதிக்கச் சொல்கிறீர்களா, தமிழ் கெட்டுப்போகாதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிழையோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எப்போது திருத்துவது, எத்தனை திருத்துவது, காரணம் சொல்லித் திருத்துவதா, தண்டனை கொடுத்துத் திருத்துவதா என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். பிழைக்குப் பயந்து எழுதாமலேயே விடும் பிள்ளை எந்தக் காலத்தில் பிழையில்லாமல் எழுதப் பழகும்? புலனத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிவிடும் நம் இளையோரைக் கேட்டுப் பாருங்கள். பலரும் சொல்வது, "தமிழ்ல எழுதுனா தப்பு வந்துரும்" என்பதுதான். அவர்களுக்குத் தமிழ் மேல் வெறுப்பு இல்லை. சிவப்பு மையின் நினைவுதான் இருக்கிறது.

தாத்தாவின் கடிதம்

முடிக்கும் முன் ஒரு சிறு நிகழ்ச்சி. அந்தக் குரங்குக் கதையைத் தாத்தாவுக்கே கடிதமாக எழுது என்று மகளிடம் சொன்னேன். "தப்பு வந்தா?" என்றாள். "வரட்டும்" என்றேன். இரண்டு பக்கம் எழுதினாள். 'வாளைக்குலை' என்று ஐந்து இடத்தில் இருந்தது. தாத்தா 'வலுக்கி விளுந்தார்'. குரங்கு மட்டும் சரியாக இருந்தது. என் விரல் துடித்தது, உண்மையைச் சொல்கிறேன். திருத்தாமல் உறையில் போட்டு அஞ்சல்தலை ஒட்டி அனுப்பினோம்.

பத்து நாளில் பதில் வந்தது. தாத்தா தம் பங்குக்குக் கதையை மறுபடியும் எழுதியிருந்தார், குரங்கு என்ன நினைத்திருக்கும் என்றும் சேர்த்து. பேத்தியின் பிழையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் வாழைக்குலை, வாழைக்குலை என்று வரிக்கு வரி எழுதியிருந்தார். இவள் படித்துக்கொண்டே வந்து நின்றாள். "அம்மா, வாழைக்கு ழ-வா? நான் ள போட்டுட்டேன்" என்றாள். அழவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சற்று நேரத்தில் மறுபடியும் வந்தாள். "ஆனா தாத்தாவும் தப்பு. லை-ய என்னவோ மாதிரி எழுதியிருக்காரு."

பார்த்தால், குலையில் இருந்த 'லை' பழைய லை. ல-வின் தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்குமே, அது. தாத்தா தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில் அதுதான் சரியான எழுத்து. 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு, பெரியார் முன்வைத்த சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பிறகு மலேசியாவும் சிங்கப்பூரும் அதை ஏற்றுக்கொண்டன. நான் படிக்கும்போதே புதிய லை வந்துவிட்டது. தாத்தாவின் கை மட்டும் மாறவில்லை. இதை அவளுக்குச் சொன்னேன். "அப்ப தாத்தா எழுதுனது தப்பு இல்ல, பழசு" என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். அன்று மாலை உட்கார்ந்து அந்தத் தும்பிக்கை லை-யை எழுதிப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. பக்கம் முழுவதும் எழுதியிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், பத்துக்கும் மேல் இருந்தது.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தமிழ் நோட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை பிழை என்று எண்ண வேண்டாம். உங்கள் பிள்ளை வாயால் சொல்லும் கதை அந்த நோட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், ஒரு தாளைக் கொடுத்து, தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். சிவப்புப் பேனாவை மட்டும் அன்று அலமாரியில் வைத்துவிடுங்கள்.